பிணப்பூ வாடிய பிறகு

2025 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ராயல் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் ஒரு செடி பூத்தது. அந்தப் பூங்காவில் அந்த இனம் பூத்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'புட்ரிசியா' என்று செல்லப்பெயர் பெற்ற அந்தப் பூவைப் பார்க்க ஏறத்தாழ 20,000 பேர் வரிசையில் நின்றார்கள். நேரில் வர முடியாதவர்கள் இரவெல்லாம் நேரலையில் விழித்திருந்து பார்த்தார்கள். அழுகிய இறைச்சியின் நாற்றத்தை ஒருமுறையாவது முகர்ந்துவிட வேண்டும் என்று மனிதர்களை ஆவலோடு காத்திருக்க வைக்கும் செடி உலகில் இது ஒன்றுதான் இருக்கும்.

சுமத்ராவின் மழைக்காட்டுச் செடியான இதன் அறிவியல் பெயர் அமார்போஃபாலஸ் டைட்டானம். இந்தோனேசிய மக்கள் இதைப் பிணப்பூ என்ற பொருளில் 'புங்கா பங்கை' என்கிறார்கள். எங்கே பூத்தாலும் செய்தியாகிவிடும். ஆனால் பூ விரிந்த இரண்டாம் நாள் முடிவதற்குள் நாற்றம் அடங்கிவிடும், கூட்டமும் கலைந்துவிடும், செய்தியும் அத்தோடு நின்றுவிடும். முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழக்கூடிய ஒரு செடியின் வாழ்க்கையில் அந்த இரண்டு நாள் மிகச் சிறிய பகுதி. செடி பிழைக்குமா, மீண்டும் பூக்குமா, அதன் இனம் தொடருமா என்பதையெல்லாம் பூ வாடிய பிறகு நடப்பவைதான் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் செடியைத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

இரண்டு இரவுகளின் செலவு

முதலில் அந்தப் பூ எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். நாம் ஒரே பூவாகப் பார்ப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த பூங்கொத்து. நடுவில் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்பது சதைப்பற்றான ஒரு தண்டு. அதைச் சுற்றி விரிவது பாளை. வெளிப்புறம் பச்சை, உட்புறம் கறுத்த சிவப்பு. நிஜமான பூக்கள் பாளையின் அடியில், தண்டைச் சுற்றி, வெளியே தெரியாமல் இருக்கின்றன. கீழ் வளையத்தில் பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள். மொத்த உயரம் மூன்று மீட்டரை எட்டுவதுண்டு.

மாலையில் விரியத் தொடங்கும் பாளை நள்ளிரவு வாக்கில் முழுதாகத் திறந்துகொள்கிறது. அப்போது நடுத்தண்டு தன்னைத் தானே சூடேற்றிக்கொள்கிறது. சுமார் 36 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது ஏறக்குறைய மனித உடலின் சூட்டுக்கு அது உயர்கிறது. அந்தச் சூடுதான் நாற்றத்தை ஆவியாக்கி மேலெழுப்பிக் காட்டுக்குள் பரப்புகிறது. நாற்றத்தில் முதன்மையானவை கந்தகச் சேர்மங்கள். பிணம் தின்னும் வண்டுகளும் ஈக்களும் இதை ஏதோ விலங்கின் உடல் என்று நம்பி வருகின்றன.

இந்தச் சூடும் நாற்றமும் எப்படி உருவாகின்றன என்பதை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் மரபணு அளவில் ஆராய்ந்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூ விரியும் நேரத்தில் வெப்பம் உண்டாக்கும் மரபணுக்களும் கந்தகத்தைக் கையாளும் மரபணுக்களும் தண்டில் தீவிரமாக வேலை செய்வதை அவர்கள் கண்டார்கள். கந்தகம் கொண்ட மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் அளவும் அப்போது உயர்ந்திருந்தது. இவற்றுக்கெல்லாம் எரிபொருள், மண்ணுக்கடியில் கிழங்கு பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மாவுச்சத்து.

பூக்கும் நேரத்தில் செடியில் ஓர் இலைகூட இருப்பதில்லை. புதிதாக உணவு தயாரிக்க வழியே கிடையாது. நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும் மொட்டு, விரியும் பாளை, இரவெல்லாம் கொதிக்கும் தண்டு எல்லாமே பழைய சேமிப்பிலிருந்து நடக்கின்றன. சேமிப்பு போதாவிட்டால் முயற்சி பாதியில் நின்றுவிடும். 2015 ஆகஸ்டில் சிகாகோ தாவரவியல் பூங்காவில் 'ஸ்பைக்' என்ற செடிக்கு அதுதான் நடந்தது. மொட்டு பெரிதாக வளர்ந்தது, பாளை மட்டும் விரியவே இல்லை. விரியும் அளவுக்கு அதனிடம் ஆற்றல் மிஞ்சவில்லை என்று பூங்காவின் அறிவியலாளர்கள் விளக்கினார்கள்.

சரிவு

இரண்டாம் இரவில் ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கின்றன. மெல்லிய இழைகளாகப் பிதுங்கி வெளிவரும் மகரந்தம் பூச்சிகளின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பாளை மெதுவாக உள்நோக்கி மடங்கி, தண்டைச் சுற்றிக்கொண்டு தளர்கிறது. அடுத்த சில நாட்களில் நடுத்தண்டு தன் எடையைத் தாங்க முடியாமல் சாய்ந்து மடிகிறது. அதை நிமிர்த்தி வைத்திருந்தது மரக்கட்டை இல்லை. செல்களுக்குள் நிரம்பியிருந்த நீரின் அழுத்தம்தான். சேமிப்பு எரிந்து தீர்ந்து செல்கள் செயலிழந்ததும் நீர் கசிகிறது, தண்டு குழைகிறது. பூங்காத் தோட்டக்காரர்கள் அழுகும் பகுதிகளை அறுத்து அப்புறப்படுத்துகிறார்கள். இல்லாவிட்டால் அழுகல் கீழே இறங்கிக் கிழங்கையே பிடித்துவிடும்.

இந்த இடத்தில் செடியின் பாதை இரண்டாகப் பிரிகிறது. அடியிலிருக்கும் பெண் பூக்கள் சூல்கொண்டனவா இல்லையா என்பதே கேள்வி.

சூல்கொள்வது எளிதில்லை. முதல் இரவில் பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கத் தயாராக இருக்கும்போது அதே செடியின் ஆண் பூக்கள் முதிர்ந்திருப்பதில்லை. ஆண் பூக்கள் முதிரும்போது பெண் பூக்களின் காலம் கடந்துவிடுகிறது. தன் மகரந்தம் தன் மீதே விழாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே காட்டில் ஒரு செடி காய்க்க வேண்டுமானால், பூச்சிகள் பறந்து கடக்கும் தொலைவுக்குள் இன்னொரு செடி ஓரிரு நாள் முன்னதாகப் பூத்திருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டே நாட்களுக்குப் பூக்கும் செடிக்கு இது எவ்வளவு கடினமான நிபந்தனை என்று யோசித்துப் பாருங்கள். காட்டில் செடிகளின் எண்ணிக்கை குறையக் குறைய இந்த நிபந்தனை நிறைவேறும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகிறது.

தாவரவியல் பூங்காக்களில் இதை மனிதர்கள் கையால் செய்கிறார்கள். பூ விரிந்த முதல் இரவில், பாளையின் அடிப்பகுதியில் கத்தியால் ஒரு சிறு சதுர ஜன்னல் வெட்டுகிறார்கள். அதற்குள் எட்டிப் பார்த்தால் பெண் பூக்கள் வரிசை வரிசையாகத் தெரியும்: உருண்டு திரண்ட சூல்பை, கருஞ்சிவப்புக் காம்பு, அதன் நுனியில் மஞ்சள் நிறச் சூல்முடி. வேறொரு பூங்காவிலிருந்து வந்த மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு, ஒவ்வொரு சூல்முடியிலும் தடவுகிறார்கள். மறுநாள் இரவு அதே ஜன்னல் வழியாக இந்தச் செடியின் மகரந்தத்தைச் சேகரித்து உறைகுளிரில் வைக்கிறார்கள். அடுத்து எங்கேனும் ஒரு செடி பூக்கும்போது அனுப்பலாம். ஸ்பைக் விரியாமல் போன அடுத்த மாதமே அதே சிகாகோ பூங்காவில் 'ஆலிஸ்' என்ற செடி பூத்தது. டென்வர் தாவரவியல் பூங்காவின் செடியிலிருந்து பெறப்பட்ட மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கை செய்தார்கள். ஆலிஸ் காய்த்தது.

பலர் பார்க்காத கனி

சூல்கொண்டால், பாளையும் நடுத்தண்டும் உதிர்ந்த பிறகும் அடித்தண்டு மட்டும் பச்சையாக, உறுதியாக நிற்கிறது. சில வாரங்களில் அது நீளவும் செய்கிறது. பெண் பூக்கள் இருந்த இடமெல்லாம் காய்களாகப் பருக்கின்றன. காய்கள் முற்றிப் பழுக்க ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, கடைசியில் பளபளக்கும் சிவப்பாகிறது. அப்போது அது தரையிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு ராட்சதச் சோளக்கதிர் போலத் தெரியும். முத்துக்களுக்குப் பதிலாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள சில நூறு செங்கனிகள். ஒவ்வொரு கனிக்குள்ளும் ஒன்றோ இரண்டோ விதைகள் இருக்கும்.

பூவின் கறுத்த சிவப்பும் அழுகல் நாற்றமும் வண்டுக்கும் ஈக்கும் விடுத்த அழைப்பு. கனிக்கு நாற்றம் தேவையில்லை. அது பறவைகளை அழைக்கிறது. பறவைகள் கண்ணால் தேடுபவை. அதனால்தான் காட்டின் இருட்டில் தூரத்திலிருந்தே தெரியும் இந்தச் சிவப்பு. சுமத்ராக் காடுகளில் இருவாட்சிப் பறவைகள், குறிப்பாகக் காண்டாமிருக இருவாட்சி, இந்தக் கனிகளை விழுங்கி விதைகளை வேறிடத்தில் எச்சமிடுகின்றன. தாய்ச்செடியின் காலடியிலேயே விழும் விதைகள் ஒன்றோடொன்று வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டியிடும். தொலைவில் விழும் விதைக்குத்தான் தனி இடம் கிடைக்கும். ஆகவே பூவுக்கு வண்டு எவ்வளவு முக்கியமோ, கனிக்கு இருவாட்சி அவ்வளவு முக்கியம். இருவாட்சிக்கோ கூடு கட்டப் பொந்துள்ள பெரிய மரங்கள் வேண்டும். மரங்களை வெட்டிய காட்டில், செடியை மட்டும் விட்டுவைத்துப் பயனில்லை.

கனி தருவதற்குச் செடி கொடுக்கும் விலையும் பெரிது. பூத்து ஏற்கெனவே மெலிந்த கிழங்கு, இலையே இல்லாமல் மேலும் பல மாதங்கள் கனிகளுக்கு உணவூட்ட வேண்டும். கனிந்த பிறகு கிழங்கு சுருங்கிப்போவதும், சில செடிகள் மீளாமல் மடிந்துபோவதும் உண்டு. மகரந்தச் சேர்க்கை செய்வதா வேண்டாமா என்று தோட்டக்காரர்கள் யோசிப்பதற்கு இதுதான் காரணம்.

மண்ணுக்கடியில்

சூல்கொள்ளாத செடியின் கதை வேறு. பூ முழுவதும் அழுகி விழுந்துவிடும், மேலே எதுவும் மிஞ்சாது. கிழங்கு சில மாதங்கள் உறங்குகிறது. இந்த உறக்கத்தில் தண்ணீர் அதிகமாக ஊற்றினால் அழுகிவிடும் என்பதால் தோட்டக்காரர்கள் மண்ணை ஏறக்குறைய காய்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். சில பூங்காக்களில் கிழங்கைத் தோண்டியெடுத்து, எடை போட்டு, அழுகல் இருக்கிறதா என்று பார்த்துப் புதிய மண்ணில் நடுகிறார்கள்.

பிறகு ஒரு நாள் மண்ணைப் பிளந்துகொண்டு கூரான முளை ஒன்று எழும். அது இலையா பூவா என்று முதல் சில வாரங்களுக்குக் கைதேர்ந்தவர்களாலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது இலையாகத்தான் இருக்கும்.

அந்த இலையும் பூவுக்குக் குறைந்த அதிசயம் இல்லை. ஒரே ஓர் இலை ஆறு மீட்டர் உயரம் வரை எழுந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. பார்ப்பவர்கள் இளமரம் என்றே நினைப்பார்கள். தண்டு போல் நிற்பது உண்மையில் இலைக்காம்பு. உச்சியில் அது மூன்று கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் பிரிந்து, எண்ணற்ற சிற்றிலைகளைத் தாங்குகிறது. காம்பின் பச்சையில் வெளிறிய திட்டுகள் படர்ந்திருக்கும். பழைய மரங்களின் பட்டையில் கற்பாசி படிந்திருப்பது போன்ற தோற்றம். மென்மையான காம்பை உறுதியான மரம் என்று எண்ணிப் பெரிய விலங்குகள் மோதாமலும் கடிக்காமலும் விலகிப் போவதற்கான வேடம் அது என்று தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள்.

வளர்ந்த செடியில் ஓர் இலை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் ஒளியிலிருந்து சர்க்கரை தயாரித்து, மாவுச்சத்தாக்கிக் கீழே அனுப்புகிறது. பழைய கிழங்கு இலையை எழுப்புவதற்காகத் தன்னைச் செலவழித்துச் சுருங்கிப்போகிறது. அதன் இடத்தில் புதிய கிழங்கு ஒன்று உருவாகிறது. இலை மஞ்சளாகிச் சாயும்போது கீழே இருப்பது பழைய கிழங்கு கிடையாது. அதைவிடப் பெரிய புதுக்கிழங்கு. வேர்களும் ஒவ்வொரு பருவமும் புதிதாக விட்டு மடிகின்றன. ஆக, பருவத்துக்குப் பருவம் இந்தச் செடி தன்னை முழுக்கப் புதுப்பித்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நம் சேனைக்கிழங்கு இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதுவும் ஒற்றை இலைதான். காம்பில் அதே வெளிறிய திட்டுகள்தான். நட்ட துண்டு சுருங்கி மறைய, அதன் மேல் புதுக்கிழங்கு பருக்கும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் தோண்டும் பருவம் வந்துவிட்டது என்று அறிவார்கள். தோண்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் பெரிய இலை எழும். ஒரு நாள் இலைக்குப் பதிலாகக் கறுஞ்சிவப்புப் பூ ஒன்று மண்ணை ஒட்டி விரிந்து, கொல்லைப்புறமெல்லாம் நாற்றமடித்து ஈயை வரவழைக்கும். சேனையை நறுக்கும்போது கையை நமைக்கவைத்து, நாக்கைக் காறவைக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் பிணப்பூவின் கனிகளிலும் உண்டு. விதை எடுப்பவர்கள் கையுறை அணிந்துதான் சதையைக் கழுவுகிறார்கள். பிணப்பூவைப் பார்க்கச் சுமத்ரா போக முடியாதவர்கள், அதன் வாழ்க்கைச் சுழற்சியைத் தம் தோட்டத்துச் சேனையிலேயே பார்த்துவிடலாம்.

எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஒரு செடி இந்தச் சேமிப்பின் வேகத்தைக் காட்டுகிறது. 2003-இல் அது ஓர் ஆரஞ்சுப் பழ அளவுக் கிழங்காக வந்தது. 2010-இல் எடை போட்டபோது 153.9 கிலோ இருந்தது. அவ்வளவு சேமித்தும் உடனே பூத்துவிடவில்லை. முதல் பூ 2015-இல்தான் வந்தது. இலை, உறக்கம், மீண்டும் இலை என்று இந்த ஆண்டுகளில் அங்கே நடந்த எதற்கும் கூட்டம் கூடவில்லை. அந்த ஆண்டுகள் இல்லாமல் அந்தப் பூவும் இல்லை. பொதுவாக விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அதன்பின் சில செடிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் பூக்கின்றன, சில பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

விதை வங்கியில் வைக்க முடியாத விதை

ஐரோப்பியர் இந்தச் செடியை அறிந்ததே விதை வழியாகத்தான். இத்தாலியத் தாவரவியலாளர் ஓடோவார்டோ பெக்காரி 1878-இல் மேற்குச் சுமத்ராவில் இதைக் கண்டு, விதைகளை இத்தாலிக்கு அனுப்பினார். அவற்றில் முளைத்த ஒரு நாற்று லண்டன் கியூ பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது 1889-இல் பூத்தது. காட்டுக்கு வெளியே உலகம் கண்ட முதல் பிணப்பூ அது.

இன்றைக்குக் காட்டில் மிஞ்சியிருப்பவை 1,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகவும் மரத்துக்காகவும் அழிக்கப்படும் காடுகள் இதற்கு முதல் காரணம்.

அரிய பயிர்களின் விதைகளை உலர்த்தி, உறையவைத்து, விதை வங்கிகளில் பல ஆண்டுகள் காப்பது வழக்கம். பிணப்பூவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இதன் விதை உலர்ந்தால் செத்துவிடும். கனியிலிருந்து எடுத்த ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். ஆகவே இந்த இனத்தைக் காட்டுக்கு வெளியே காப்பதற்கு ஒரே வழி, உயிருள்ள செடிகளாக வளர்ப்பதுதான். தாவரவியல் பூங்காக்களின் தொட்டிகளில் வளரும் ஒவ்வொரு இலையும் இந்த இனத்துக்கான காப்பு.

அந்தக் காப்பு எவ்வளவு வலுவானது என்று சிகாகோ தாவரவியல் பூங்காவும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு கேள்வி எழுப்பியது. 111 நிறுவனங்களில் இருக்கும் ஏறத்தாழ 1,200 செடிகளின் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 24 சதவீதச் செடிகள் ஒன்றின் நகலாக இன்னொன்று வளர்க்கப்பட்டவை. 27 சதவீதம் நெருங்கிய உறவுச் செடிகளுக்குப் பிறந்தவை. எந்தத் தாய், எந்தத் தந்தை என்ற விவரம் பல இடங்களில் பதிவாகவே இல்லை. இருந்த இடங்களிலும் ஆளுக்கொரு முறையில் எழுதப்பட்டிருந்தது. செடிகள் பூங்காவுக்குப் பூங்கா கைமாறும்போது விவரங்கள் உடன் போகவில்லை.

இதன் விளைவு கனியில் தெரிகிறது. நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை நடந்தால் நாற்றுகள் நலிவாகப் பிறக்கின்றன. பச்சையமே இல்லாமல் வெளுத்து முளைக்கும் நாற்றுகளும் உண்டு. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் அவை செத்துவிடும். பத்தாண்டு காத்திருந்து வந்த பூ, ஒன்பது மாதம் சுமந்து பழுத்த கனி, கிழங்கின் உயிரையே பணயம் வைத்த முயற்சி எல்லாம் அந்த வெள்ளை நாற்றுகளோடு வீணாகிவிடும். அது நடக்காமல் தடுக்கக்கூடியது, பாளையில் ஜன்னல் வெட்டும் இரவில் தூரிகையில் எந்த மகரந்தம் இருக்கிறது என்பதும், அது எந்தச் செடியுடையது என்று யாரோ ஒருவர் முறையாக எழுதி வைத்திருப்பதும்தான்.

பூத்த நாளில் கூடும் கூட்டத்தைக் குறைசொல்ல எதுவும் இல்லை. அந்த வியப்புதான் பலரை இந்தச் செடியின் பக்கம் திருப்புகிறது. ஆனால் வியப்போடு நிற்காமல் இரண்டு கேள்விகளையாவது பூங்காக்களிடம் கேட்கப் பழக வேண்டும்: இந்தச் செடியின் தாய்தந்தை எவை? இது காய்த்தால் அந்த விதைகள் எங்கே போகும்? பார்வையாளர்கள் கேட்கத் தொடங்கினால் பதிவேடுகளுக்கும் பணமும் ஆளும் கிடைக்கும். பூவுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்கு கனிக்கும், விதைக்கும், வளர்ந்து நிற்கும் அந்த ஒற்றை இலைக்கும் கிடைத்தால் அடுத்த நூறாண்டிலும் பிணப்பூ பூக்கும்.